வெட்டிய சட்டைக் கை

“ஹலோ… அது என் கண்ணாடி!”

ஒளி சிகிச்சை அறை வாசலில் அவள் சீறியதும் அவன் திரும்பினான். சிகிச்சையின்போது கண்ணை மறைக்கப் போடும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமல், சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

“மன்னிச்சுக்கோங்க… நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க?”

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். அடடா… என்ன கண்கள்!

இருவருக்கும் சொரியாசிஸ், தோலில் செதில் படரும் நோய். அவளுக்குச் சொந்தத் தையல் கடை. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் மூன்று நாள், ஒருவர் மாற்றி ஒருவர் அந்த ஒளிப் பெட்டிக்குள் நிற்க வேண்டும்.

“பெட்டிக்குள்ள நிக்கிறது எனக்குப் பழக்கம்தாங்க. என்ன, இது மேலயும் போகாது, கீழயும் போகாது!” என்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பத்தே வாரத்தில் அவள் முழங்கைச் செதில்கள் உதிர்ந்து, தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தப் பைத்தியக்காரத்தனம் செய்தாள். பெட்டிக்குள் எப்போதும் ஒரே அளவுச் சட்டையோடுதான் நிற்க வேண்டும். அவளோ சட்டைக் கையில் இரண்டு அங்குலத்தை வெட்டித் தைத்து, போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்… அவன் பார்க்கட்டுமே என்று! அவன் பார்க்கவும் பார்த்தான். வெளியே மழை கொட்டியது, உள்ளே இவளுக்கு வியர்த்தது.

அடுத்த முறை வந்தபோது, முழங்கைக்கு மேலே பட்டையாகச் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

“ஒளி உனக்கு ஒத்துக்கலம்மா. இத்தோட நிறுத்திடலாம்.”

அவளுக்குப் பகீரென்றது. நிறுத்தினால் செதில் திரும்ப வந்துவிடும். அவனைப் பார்ப்பதும் போச்சு! உண்மையைச் சொல்லிவிடலாம்தான்… ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருக்கிறானே! மானம் கப்பலேறிவிடுமே!

ஏறினால் ஏறட்டும்.

“ஒளியெல்லாம் நல்லா ஒத்துக்குது டாக்டர். நான்தான் சட்டைக் கையை வெட்டிட்டேன். இத்தனை நாள் மூடியிருந்த இடத்துல, எடுத்த எடுப்புல முழு ஒளியும் பட்டுடுச்சு.”

“எதுக்கும்மா வெட்டின?”

“வெளிய இருக்காரே… அவர் பார்க்கணும்னு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு டாக்டர்.”

திரை விலகியது. காது வரை சிவந்துபோய் நின்றான் அவன்.

“என்னப்பா, உனக்கும் தோல் வெந்துடுச்சா?” என்றார் டாக்டரம்மா.

“இல்ல டாக்டர்… இது இப்போ கேட்டதுல வந்தது.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். “ஒரு வாரம் ஆறட்டும். அப்புறம் பழைய அளவுச் சட்டை, குறைஞ்ச நேரம். சரியா?”

அவள் தலையாட்டினாள். அவன் ஓரடி முன்னால் வந்தான்.

“ஒரு வாரம்னா ரொம்ப நாளுங்க… உங்களைப் பார்க்காம என்னால இருக்க முடியாது. கடைக்கு வரட்டுமா?”

அவள் நிமிர்ந்து, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“தினமும் வாங்க.”