மூன்று தட்டு

மேல்வீட்டில் யாரோ ஒரு சில்வர் கோப்பையைக் கீழே போட்டார்கள். அது விழுந்து, மூன்று சுற்று உருண்டு, சுவரில் மோதி, சிறிது நேரம் நடுங்கி அடங்கியது. பிற்பகல் மூன்று பத்து. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஜெறோம் தலையை உயர்த்தினான். மேல்வீடு பூட்டிக் கிடந்து ஐந்து மாதமாகிறது.

தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளில் இருந்தபோது சத்தத்துக்கு ஒரு முகவரி இருந்தது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலான சுவர் கூரைவரை போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கும். பக்கத்துக் காம்பராவின் தும்மலும் சண்டையும் கருவாட்டு வாசனையும் அந்த இடைவெளி வழியாகத்தான் ஏறி இறங்கும். அதனால் எது எவர் வீட்டிலிருந்து வருகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மண்சரிவில் லயம் போன பிறகு, கேகாலை நகரத்தின் ஓரத்தில் நான்கு மாடித் தொடர்மாடியில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அங்கே சத்தத்தின் போக்கே வேறு. தூண்களுக்குள் இருக்கும் கம்பிகள் அத்திவாரத்திலிருந்து உச்சிவரை ஓடுகின்றன. ஓரிடத்தில் நுழையும் சத்தம் அந்தக் கம்பிகளில் ஏறி எங்கோ போய் வெளிப்படும். வந்த புதிதில், யாரோ ஒருவர் வீட்டுக் குழாய் சொட்டுவது அவன் மனைவி மரியாயியின் தலையணைக்கடியில் கேட்டது. அவள் கட்டிலைப் புரட்டிப் பார்த்தாள்.

ஜெறோமுக்கு இந்த விடயம் பிடித்துப்போனது. தூணில், கழிவுநீர்க் குழாயில், தரையில் என்று காதை வைத்து வைத்து, இரண்டே வருடத்தில் கட்டடத்தைப் படித்துவிட்டான். குழாய் வழியாக வரும் சத்தத்தில் ஒரு குடத்தின் முழக்கம் இருக்கும். பக்கத்து வீட்டுச் சத்தம் சுவரின் ஓரங்களில் கேட்கும். மேல்வீட்டுச் சத்தம் கூரைத்தட்டின் நடுவிலிருந்து நேராக உச்சந்தலையில் இறங்கும். றப்பர் பால் வெட்டுகிறவன் அவன். விடியலில் தொடங்கும் வேலை பகல் ஒரு மணிக்கு முடிந்துவிடும். காமன்ட்ஸ் ஆலையில் தைக்கும் மரியாயி வர ஐந்தாகும். இடையில் கிடைக்கும் நான்கு மணி நேரமும் கட்டடம் அவன் காதுக்குச் சொந்தம்.

அந்தக் கோப்பை நடுவிலிருந்துதான் இறங்கியது.

மறுநாள் மூன்று பத்துக்கு அவன் முழங்கை பட்டு மேசையிலிருந்த கோப்பை விழுந்தது. மூன்று சுற்று. சுவர். நடுக்கம். எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

திங்கட்கிழமை மேலே யாரோ ஆணி அடித்தார்கள். ஐந்து அடி, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் மரியாயி, "மாதா படம் ஒரு மாசமா நிலத்துல குந்திக்கிட்டு இருக்கு, ஒரு ஆணி அடிக்க வக்கில்லையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மதியம் அவன் அடித்தான். ஐந்தாவது அடியில் ஆணி வளைந்தது. நிமிர்த்தினான். இரண்டு அடி. சுத்தியலைக் கீழே வைத்த பிறகுதான் ஐந்தையும் இரண்டையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மேலே இன்று கேட்பது, நாளை அவன் கை எழுப்பப்போகும் சத்தம்.

அதை ஏமாற்றவும் பார்த்தான். அடுத்து மேலே உடைந்தது ஒரு பீங்கான் கோப்பை. மறுநாள் வீட்டிலிருந்த பீங்கான் அத்தனையையும் அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கிவிட்டு எட்ட நின்றான். மூன்று பத்துக்குத் தட்டைத் தாங்கியிருந்த கட்டை விட்டது. சரிந்ததைப் பிடிக்கப் பாய்ந்தான். எல்லாம் தப்பின, ஒன்றைத் தவிர. காப்பாற்ற நீட்டிய கைதான் அதைத் தட்டிவிட்டிருந்தது.

உடைந்த துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே அடுத்தது தொடங்கியது.

முதலில் மூன்று அடி. கனமானவை, சீரானவை. பிறகு அமைதி. பிறகு மரம் பிளந்தது. ஒரு பெண்ணின் குரல் எழும்பி, பாதியில் அறுந்தது. அதன்பின் அடிகள்.

மரத்தில் கத்தி இறங்கும் சத்தத்தை வைத்தே பட்டையின் ஈரத்தைச் சொல்லக்கூடியவன் ஜெறோம். முதல் அடி எலும்பில் விழுந்ததை அவன் காது சொன்னது. நான்காவது அடியில் கடினம் போய்விட்டது. ஆறாவதில் ஈரம் வந்தது. அதன்பிறகு விழுந்த ஒவ்வொன்றும், ஊறிய துணியைக் கல்லில் அறைவதுபோல. எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று.

கதவுக்குப் பின்னால் உலக்கை நின்றது. எடுத்து, இரும்புப் பூண் மேலே இருக்கும்படி பிடித்து, கூரைத்தட்டில் மூன்று முறை ஓங்கி இடித்தான்.

அது லயத்து வழக்கம். பக்கத்துக் காம்பராவில் ஒருவன் பெண்சாதியை அடித்தால், சுவரில் உலக்கையால் மூன்று தட்டு. கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அடி நின்றால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். நிற்காவிட்டால் கதவை உடைக்கலாம், எவரும் குறை சொல்லமாட்டார்கள். ஒரேயொரு தடவை ஜெறோம் தட்டவில்லை. அன்றைக்குப் பகலில்தான் பக்கத்துக் காம்பரா முத்துவீரனோடு ஒரு கோழிக்காகச் சண்டை பிடித்திருந்தான். ராத்திரி சத்தம் கேட்டது. கோபத்தில் போர்வையை இழுத்து மூடினான். சற்று நேரத்தில் சத்தம் தானாகவே நின்றது. நல்லதாய்ப் போயிற்று என்று தூங்கினான். விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது முத்துவீரனின் கதவுக்கடியில் இரத்தம் வாசல் வரை வந்து உறைந்திருந்தது.

மேலே அமைதி. பிறகு ஓர் ஆண் அழுதான். அந்த அழுகை ஜெறோமுக்குத் தெரியும். அது அவனுடையது.

அன்று பொழுதுபட மரியாயி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கால்களைத் தேய்த்துக் கழுவியபடி கேட்டாள்.

"பதினஞ்சு வருஷத்துல என்னைய ஒரு அறை அறையத் தெரியாத மனுசன். கோழியறுக்கக்கூட கீழ்வீட்டு ஸபியா ராத்தா வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க. நீங்க ஆளக் கொல்லப் போறீங்களாக்கும்!"

"சிரிக்காத மரியாயி. நாளைக்கு நீ இங்க இருக்க வேணாம். ரம்புக்கனைக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிரு."

"லீவு கேட்டா சூப்பர்வைசர் என்னைய வறுத்து எடுத்துருவா."

"காலப் புடிச்சுக் கேக்கிறேன்."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "சரி, போறேன். ஆனா அது ஜன்னல்ங்க. மேல ஜன்னல் கொக்கி கழண்டு காத்துல அடிக்குது. சாவி ஸபியா ராத்தாகிட்டதானே இருக்கு? ஒரு எட்டு போய் அத அடிச்சு மூடிட்டு வந்தா உங்க பேய் ஓடிப்போயிரும்."

"நீ மேல போகக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"சாப்பிட வாங்க, சோறு ஆறுது," என்றாள் மரியாயி.

விடியும்போதே மழை. மழை நாளில் பால் வெட்டமாட்டார்கள். பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். அதனால் அவனே அவளை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். தோட்டத்தில் கொடுத்த தன் கறுப்பு ரெயின்கோட்டை அவளுக்கு மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டான். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"கங்காணி மாதிரி இருக்கேனா?"

"ஏறு புள்ள."

பஸ் வளைவில் மறைந்த பிறகு வீட்டுக்கு வந்து, பால்வெட்டுக் கத்தி, சமையல் கத்தி, மண்வெட்டி, சுத்தியல் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோனான். ஸபியா ராத்தா கதவைத் திறந்து சாக்கையும் அவனையும் பார்த்தார்.

"என்ன தம்பி, கசாப்புக் கடை ஏதும் போடப் போறீங்களா?"

"பொழுதுபட வந்து எடுத்துக்கிறேன் ராத்தா. மேல்வீட்டுச் சாவி இருக்கா?"

"அந்தா, ஆணியில தொங்குது. ஏன், வேணுமா?"

"வேணாம்," என்றான். சாவி தொங்குவதைக் கண்ணால் பார்த்தது ஆறுதலாக இருந்தது.

உலக்கையை அவன் கொடுக்கவில்லை. எத்தனை தடவை வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதும், அது ஆளை அடிக்கும் சாமானாக அவன் கண்ணில் படவேயில்லை. அடியை நிறுத்தும் சாமான் அது.

ஒரு மணிக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டான். வானொலியில் ரம்புக்கனைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருப்பதாகவும் பஸ்கள் பாதி வழியில் திரும்புவதாகவும் சொன்னார்கள். அவள் காலையிலேயே போய்ச் சேர்ந்திருப்பாள். இரண்டு மணிக்கு அவள் போனுக்கு அழைத்தான். இணைப்பு இல்லை என்று சிங்களத்தில் ஒரு பெண் சொன்னாள். இரண்டரைக்குக் கரண்ட் போனது. மழை கட்டடத்தின் எல்லாக் குழாய்களிலும் இறங்கிக்கொண்டிருந்தது. அறை பொழுதுபட்டதுபோல் இருண்டது. ஈரச் சீமெந்தின் வாசனை. பக்கத்து வீட்டில் யாருமில்லை. கீழே கதவு ஒன்று திறந்து மூடியது. படிகளில் காலடி ஏறியது, அவன் வாசலைத் தாண்டியது, மேலே போனது.

நாற்காலியை அறையின் நடுவில் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்தான்.

மூன்று பத்து.

தட்.

கூரைத்தட்டின் நடுவிலிருந்து. தட். தட்.

கைகள் முழங்கால்மேல் இருந்தன. அசையவில்லை. மேலே அடி விழுகிறது, தன் கைகளோ இங்கே இருக்கின்றன. அப்படியானால் நேற்றுக் கேட்டதும் தன்னுடையதல்ல. வேறு எவனோ. தன் கையல்ல! சிரிப்பு வந்தது.

"ஐயோ!" மேலே ஒரு பெண். வலியில்.

சிரிப்பு நின்றது. வேறு எவனோ அங்கே ஒருத்தியை அடிக்கிறான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மறுபடியும், ஜெறோம்.

உலக்கை கைக்கு வந்தது. தாழ்ப்பாளை எப்போது இழுத்தான் என்று தெரியவில்லை. பன்னிரண்டு படி, திருப்பம், பன்னிரண்டு படி. மேல்வீட்டுக் கதவு உள்ளே சாத்தியிருந்தது. பூணால் ஓங்கித் தட்டினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவது தட்டின் அதிர்வு கைகளில் இருக்கும்போதே அவன் காது அதை அடையாளம் கண்டது. கனமானது. சீரானது. நேற்றுக் கேட்டது.

உள்ளே அடி நின்றது.

நின்றால் போகலாம். வழக்கம் அதுதான். ஒரு காலைப் பின்னால் எடுத்தும் வைத்தான். ஆனால் அந்த ராத்திரியும் இப்படித்தான் நின்றது. நல்லதாய்ப் போயிற்று என்று அவன் தூங்கினான். அமைதிதான் கதவுக்கடியில் ஒழுகி வந்தது.

தோளால் இடித்தான். மரம் பிளந்தது.

இருட்டு. கண்ணாடிகளில் ஒட்டிய பழைய பேப்பர். ஒரு ஜன்னல் மட்டும் திறந்து, மழை உள்ளே அடித்தது. அதன் முன்னால் கறுப்பாக ஓர் ஆள். தலையில் தொப்பி. தோட்டத்துக் கோட்டு, இந்தக் கட்டடத்தில் பாதி ஆண்களிடம் இருப்பது. கையில் தூக்கிய மரக்கட்டை.

ஆள் அவனை நோக்கி ஓர் அடி வைத்தது. வாயைத் திறந்தது.

அடித்தான்.

குரல் பாதியில் அறுந்தது. எலும்பு. ஆள் சரிந்தது. அவன் காலைப் பிடித்தது. விரல்கள் அவன் கணுக்காலைச் சுற்றி இறுகின. இரண்டு. மூன்று. நான்கு. கடினம் போனது. ஐந்து. விரல்கள் தளர்ந்தன. ஆறு. ஈரம். அவன் முகத்திலும் உதட்டிலும் சூடாக. ஏழு.

ஏழாவதில் தொப்பி விலகியது.

ஒரு பின்னல். காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவன் கையாலேயே கோட்டுக்குள் திணித்துவிட்ட பின்னல்.

நிறுத்து என்றான். வாயால் சொன்னான். கைகள் உயர்ந்தன.

எட்டு.

"மரியாயி."

ஒன்பது. உலக்கையை விட முயன்றான். விரல்கள் விரியவில்லை. நேற்றே விழுந்த அடிகள். எண்ணியாகிவிட்டது.

பத்து.

பதினொன்று.

கைகள் விட்டன. ஜன்னல் காற்றில் அசைந்தது. அதன் கொக்கி பாதி அடிக்கப்பட்டிருந்தது. மரக்கட்டையின் பக்கத்தில் ஸபியா ராத்தாவின் சாவி கிடந்தது. நசுங்கிய கட்டைவிரலை மரியாயி தன் முந்தானையில் சுற்றியிருந்தாள். அந்தத் துணியிலிருந்த இரத்தம் மட்டுமே அவள் கையால் வந்தது. மற்றதெல்லாம் தரையின் சரிவைத் தேடி, வாசலை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

உலக்கை அவன் காலடியில் கிடந்தது. பூணில் முடி ஒட்டியிருந்தது. வீட்டில் வேறு உலக்கை இல்லை.

கீழே, ஆளில்லாமல் திறந்து கிடந்த அவன் வீட்டிலிருந்து, கூரைத்தட்டின் நடுவில் சரியாக அவன் பாதங்களுக்கு அடியில், இரும்புப் பூண் ஒன்று, நேற்று அவன் இடித்ததுபோலவே, மூன்று முறை ஓங்கி இடித்தது.

பிறகு அது நின்று, காதுகொடுத்துக் காத்திருந்தது. ஜெறோமின் வாய் தானாகத் திறந்தது. அழத் தொடங்கினான்.