தோளில் அரும்பிய செம்மணிகள்

கொள்ளிடத்தின் நீர்ப்பரப்பில் அந்திச் செம்மை மெல்ல அவிந்து, கீழ்வானில் ஏறிய முழுமதி நாணற்காடுகளின் மேல் தன் வெள்ளொளியைப் பரப்பத் தொடங்கிய வேளையில், மழவனூர்க் கோட்டையின் பொற்கொல்லர் வீதியில் ஒரு வீட்டுக் கதவு மட்டும் உட்புறம் தாழிடப்பட்டிருந்தது. அன்பு வாசகர்களே, அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்ததைச் சுருக்கியே சொல்கிறேன். விரித்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை.

பொற்கொல்லன் ஐயாறன் வலத்தோளின் ஆடையை விலக்கி அமர்ந்திருந்தான். சில நாட்களுக்கு முன், ஆற்று மதகின் இரகசிய வழியை ஓர் ஒற்று பார்த்துவிட்ட இரவில், மதிற்காவலர் இருளில் எய்த அம்பு தைத்த இடம் அது. அன்றுமுதல் வாயில்கள் அடைபட்டன. புண்பட்டவர் எவரும் அரண்மனை மருத்துவரிடம் புண்ணைக் காட்ட வேண்டும் என்பது கோட்டைத் தலைவர் விழுப்பரையரின் கட்டளை. இந்த நாளின் காலையில்தான் பொன் உருக்கும் மூசை வெடித்துச் சுட்டுவிட்டதாக ஐயாறன் சொல்லி வைத்திருந்தான்.

அவன் மனைவி சேந்தி விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். தேனும் நெய்யும் இட்டு அவள் பேணிய புண், ஆழத்தில் சிவந்த சிறு மணிகளாக அரும்பியிருந்தது. கரித்தூளில் உருக்கி அவன் உருட்டும் பொன்மணிகளின் அளவே அவையும். ஆறிவரும் புண்ணில்தான் அப்படி அரும்பும். காலையில் சுட்ட புண்ணில் அரும்பாது. மருத்துவர் கண்ணுக்கு அது ஒன்றே போதும்.

"சுரண்டிவிடு, சேந்தி" என்றான் அவன்.

"ஆறி வருகிறதே..."

"அதனால்தான் சொல்கிறேன். பிறகு உலையின் நெருப்புக் கங்கை வை. என் முகத்தைப் பார்க்காதே."

அவள் சுரண்டினாள். பிறகு கங்கை வைத்தாள்.

அரண்மனையில் மருத்துவர் புண்ணைப் பார்த்துத் தீப்புண்தான் என்று தலையசைத்தார். விழுப்பரையர் சிரித்தார். "என்ன ஐயாறா, என் மகள் மணத்துக்குப் பொன்மாலை செய்யச் சொன்னால் உன்னையே உலையில் வைத்துவிட்டாயா? கை வேலை செய்யுமா?"

"செய்யும், ஐயனே."

மணமாலையின் கடைசி வரிசை மணிகளைப் பதிக்கும்போது மங்கலம் காணக் கோட்டையே கூடுவது அவ்வூர் வழக்கம். ஆற்றுவாசல் காவலர்களும் வெற்றிலை வாங்க வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் சேந்தி வாசலைக் கடந்து, மதகின் வழியை அக்கரை மன்னரின் படைப் பாசறையில் சொல்ல வேண்டும். இருவரும் போய்விடலாம் என்று அவள் மன்றாடியிருந்தாள். "நான் உட்காராவிட்டால் கூட்டம் ஏது?" என்று கேட்டு அவன் மறுத்துவிட்டான்.

அன்றிரவே அரண்மனை அவையில் கூட்டம் கூடியது. ஐயாறன் பொன்மணிகளை ஒட்டும் குன்றிமணிப் பசையைத் தொட்டு, தூரிகை நுனியால் மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். வேண்டுமென்றே மெதுவாக வைத்தான். தோளிலிருந்து வழிந்த குருதி முழங்கையில் இறங்கி மாலையின் மேல் சொட்டியது.

மருத்துவர் எழுந்தார். "தீ சுட்ட புண் இப்படி ஒழுகாது. இதன் அடியைச் சுரண்டியிருக்கிறார்கள்" என்றார்.

விழுப்பரையர் சற்றும் குரலை உயர்த்தவில்லை. "மதிலேறிய ஒற்றன் நீயா?"

"நான்தான்."

"உன் மனைவி எங்கே?"

"அழுகிறாள் என்று, காவலர் இங்கே கூடிய நேரம் பார்த்துக் கிழக்கு வாசல் வழியே கிழக்கு ஊரிலுள்ள தாய்வீட்டுக்கு விரட்டிவிட்டேன்."

விழுப்பரையர் நம்பவில்லை. அவன் மாலை செய்த பட்டறைக் கல்லின் மேலேயே அவன் விரல்களை ஒவ்வொன்றாக வெட்டச் சொன்னார். ஒவ்வொரு விரலுக்கும் அதே கேள்வியைக் கேட்டார். ஐயாறன் ஒவ்வொரு முறையும் கிழக்கு என்றே சொன்னான். விரல்கள் தீர்ந்த பிறகுதான் குதிரைகள் கிழக்குச் சாலையில் பாய்ந்தன. நிலவு மிதந்த ஆற்றில், நாணல் தெப்பம் ஒன்று அதற்குள் அக்கரை சேர்ந்திருந்தது.

விடியுமுன் மதகின் வழியே படை புகுந்தது. கோட்டை விழுந்தது. ஐயாறன் அதைக் காண உயிரோடு இல்லை. அவையில் நடந்ததை எனக்கு ஒன்றுவிடாமல் சொன்னவர், சிறைப்பட்ட அந்த மருத்துவரே. அவர் ஒன்றை மட்டும் அறியாமல் இருந்தார். அதையும் நான் அவரிடம் சொன்னேன்.

மதிலேறியவர் ஐயாறன் அல்லர். அவருக்குப் பொன்னைத் தவிர எதுவும் தெரியாது. அக்கரை மன்னரின் ஒற்றாக வந்து அவரை மணந்தவள், அவ்விரவு மதிலின் மேல் நின்றவள், ஏணியின் அடியிலிருந்து அவர் ஏறி ஓடிவந்து அம்பின் குறுக்கே தம் தோளை வைத்ததால் பிழைத்தவள் ஒருத்தி.

அந்தச் சேந்தி நான்தான்.