மூத்தவள் தூங்குறாளா?

2023 ஜனவரி 18, புதன்கிழமை காலை, அட்டாளைச்சேனைக்கு மேற்கே உள்ள வயல்வெளியில் அறுபத்தொரு வயது விவசாயி ஒருவர் கட்டுத்துவக்கு வெடித்து இறந்தார். துவக்கு அவருடையது.

பன்றி வரும் தடத்தில் துவக்கை ஒரு மரத்தோடு பிணைத்து, விசையிலிருந்து பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துவிடுவார்கள். கம்பியில் எது தட்டினாலும் வெடிக்கும். அதைக் கட்டுத்துவக்கு என்பார்கள். சட்டப்படி அது குற்றம். இறந்துபோன ஜவுபருக்கு அது சட்டம் சொல்வதைவிடப் பெரிய குற்றமாக இருந்தது.

அவருடைய மருமகன் நிப்றாஸ் கல்முனையிலிருந்து மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்தது அதற்கு முந்திய வருடம். ஒரு பயணப் பையும் மோட்டார் சைக்கிளும் கொண்டு வந்தான். அந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். வீடு மகளுக்கு எழுதப்படும். பெற்றவர்கள் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். மனைவி முன்பே மௌத்தாகியிருந்ததால் ஜவுபர் தனியாக ஒதுங்கினார். குசினிக்குப் பின்னால் இருந்த தகரச் சாய்ப்பில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஹோலுக்குள் அவர் கால் வைப்பதில்லை. அது மகளின் வீடு.

கால் வைத்த கடைசி நாளில் மாப்பிள்ளையைச் சுவரோரம் கூட்டிப் போனார்.

"மருமகன், எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. ஒங்களுக்குத் தந்தது சின்னவள். இது மூத்தவள்."

சுவரில் இரண்டு மரமுளைகளின் மேல், பழைய கோடு போட்ட சாரன் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, ஒற்றைக்குழல் துவக்கு கிடந்தது.

"இவங்களுக்கு இன்னும் மாப்பிள பாக்கல்லியா மாமா?" நிப்றாஸ் சிரித்தான்.

"வந்தவனெல்லாம் பயந்து ஓடிட்டானுகள். சின்னவள் வாய் ஓயாமக் கதைப்பாள். மூத்தவள் அப்பிடியில்ல. கதைச்சா ஒருக்காத்தான்."

குசினியிலிருந்து சின்னவள் ஸம்றாவின் குரல் வந்தது. "எனக்குத் தலைக்கு வாங்கித் தந்த எண்ணெயவிட அவளுக்கு வாங்கின எண்ணெய்தான் கூட. அதையும் சொல்லுங்க வாப்பா."

ஸம்றா பிறப்பதற்கு முந்திய வருடம் வாங்கிய துவக்கு அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், தையல் மெசின் எண்ணெயும் கிழிந்த துணியுமாக அதனோடு உட்கார்ந்துவிடுவார். யானை வந்தாலும் வானத்தைப் பார்த்துத்தான் வெடிப்பார். மூத்தவளுக்கு இதுவரை ரத்தம் காட்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஊரில் இருந்த துவக்குகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்ன காலத்தில் பொலிசில் கொடுத்துவிட்டு, மாதாமாதம் எண்ணெய்ப் போத்தலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாட்டில் கிடக்கும் நோயாளியைப் பார்க்க வருகிற ஆள் என்று பொலிஸ்காரர்கள் கேலி செய்தார்கள். திருப்பிக் கொடுத்தபோது துருப்பிடிக்காமல் வந்தது அது ஒன்றுதான்.

சாய்ப்புக்குக் கூரை ஒழுகும், கதவுக்குப் பூட்டு இல்லை. குமர்ப்பிள்ளையை அங்கே படுக்கவைக்க முடியாது என்று துவக்கை ஹோல் சுவரிலேயே விட்டுவிட்டார். ஆனால் மாலையில் மஃரிப் தொழுகைக்கு முன், வயலிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திக் குழாயடியில் கால் கழுவியதும், குசினி ஜன்னலடியில் நின்று கேட்பார்.

"மகள், மூத்தவள் தூங்குறாளா?"

"ஓம் வாப்பா, தூங்குறாள்."

ஸம்றா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள். கறி கிண்டிக்கொண்டே, போனில் கதைத்துக்கொண்டே. அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

அந்த ஜனவரியில் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் பன்றிகள் இறங்கின. நிப்றாஸ் முதல் தடவையாக அந்தப் போகத்தில்தான் மாமனாரோடு வயல் செய்தான். வயலின் மேல் வரவை முழுதும் உழுது போட்ட மாதிரி கிடந்தது. கட்டுத்துவக்கு வைப்போமா என்று கேட்டான்.

"பொம்புளப் புள்ளய வயல் வட்டையில மரத்தோட கட்டிப் போட்டுட்டு, ஊட்ட வந்து படுக்கிறவன் மனிசனா?" என்றார் ஜவுபர்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், அவர் பள்ளிவாசலில் இருந்த நேரம், நிப்றாஸ் துவக்கை உரப்பைக்குள் சுற்றினான். முளைகளின் மேல் ஒரு மண்வெட்டிப் பிடியை வைத்துச் சாரனால் மூடினான். ஸம்றா வாசலில் நின்று பார்த்தாள்.

"வாப்பாக்குத் தெரிஞ்சா?"

"ஒரு ராவைக்குத்தானே. விடிய, சுபஹுக்கு முந்திக் கொண்டு வந்து வெச்சிடுவன். நீ சும்மா இரி."

அன்று மாலை ஜன்னலடியில் கேள்வி வந்தது. ஸம்றா திரும்பிப் பார்க்கவில்லை. என்றும் போலத்தான்.

"ஓம் வாப்பா, தூங்குறாள்."

விடிந்துகொண்டிருந்தபோது சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டு விழித்தாள். பக்கத்தில் நிப்றாஸ் தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கினாள். அவன் கண்ணைத் திறக்காமல், "அவர் மேல் வரம்பாலதானே போற. கட்டினது கீழ" என்றான். ஓடிப்போய்க் கூப்பிட்டிருந்தால் தெருமுனையில் பிடித்திருக்கலாம். கூப்பிட்டால் முதல் நாள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். படுத்தே கிடந்தாள்.

மேல் வரம்பைப் பன்றிகள் உடைத்திருந்தன. ஜவுபர் கீழ் வரம்பால் போனார்.

அடுத்த வயல்காரர், ஆலையடிவேம்பைச் சேர்ந்த சாமித்தம்பிதான் அவரைக் கண்டார். தொடையில் வெடி. கத்தினால் கேட்கும் தூரத்தில் ஆட்கள் இருந்தார்கள், ஜவுபர் கத்தவில்லை. தவழ்ந்து மரத்தடிக்குப் போய், கயிற்றை அவிழ்த்து, துவக்கை எடுத்து மடியில் கிடத்தியிருந்தார். சட்டையைக் கழற்றியிருந்தார். காலில் கட்டுவதற்கல்ல. குழலில் இருந்த சேற்றை அதனால் துடைத்திருந்தார்.

மடியில் துவக்கு, கையில் கயிறு. மரண விசாரணைக்கு வந்தவர் வீட்டில் கேட்டார்: கட்டியது யார்? நிப்றாஸ் மனைவியைப் பார்த்தான்.

"வாப்பாதான் கட்டின. பண்டிக்கு" என்றாள் ஸம்றா.

அப்படியே பதியப்பட்டது. துவக்கைக் கொண்டுபோனார்கள்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு சாமித்தம்பி வந்தார். கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்தபடியே இருந்தார், குடிக்கவில்லை.

"நான் போகக்குள்ள உயிர் இருந்திச்சு புள்ள. ஒண்டே ஒண்டுதான் சொன்னவன். 'தூங்குறாள் எண்டுதானே மகள் சொன்ன.' திருப்பித் திருப்பி அதான். அதுக்கு என்ன அருத்தம்?"

"தெரியா மாமா."

"மூத்தவளக் கட்டினது ஜவுபராம் எண்டு ஊரெல்லாம் கதைக்காங்க. முப்பது வருசம் பக்கத்து வயல்ல நிண்டவன் நான். அவன் கட்டுற ஆளா, சொல்லு?"

ஸம்றா கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டை மிதிக்கும் சத்தம். குழாய் திறந்தது. ஈரக் கால்கள் சீமெந்தில் தட்டித் தட்டி வந்தன. சேற்று வாடையும், அதற்கு மேல் தையல் மெசின் எண்ணெயின் மெல்லிய வாடையும்.

"மகள், மூத்தவள் தூங்குறாளா?"

"ஓம் வாப்பா, தூங்குறாள்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குக் கை நின்றது.

திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரமும் மதிலும். குழாய் மூடியிருந்தது. அடியில் சீமெந்து நனைந்திருந்தது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். வாயைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தாள். பதில் வரும் வரை ஜன்னலடியில் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. கோபமான மூச்சாக இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது நம்பிக்கையோடு காத்து நிற்கிற ஒருவரின் மூச்சு.

நிப்றாஸிடம் சொன்னாள். "ஒனக்கு விசர்" என்றான். ஆனாலும் மரமுளைகளைப் பிடுங்கினான். ஓட்டைகளைச் சாந்து வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினான். சாரனை வளவில் போட்டு எரித்தான். சாம்பலைக் காலால் கிளறி மண்ணோடு கலந்துவிட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல் வைத்துக் குசினி ஜன்னலையும் அடைத்தான்.

அன்று பின்னேரம் இருவரும் ஹோலில் இருந்தார்கள். முன்கதவு திறந்திருந்தது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். நிப்றாஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழாய் சத்தம் கேட்கவில்லை. ஸ்டாண்ட் சத்தமும் இல்லை.

எண்ணெய் வாடை மட்டும் வந்தது.

அடைத்த ஜன்னல் அவரை வெளியே நிறுத்தவில்லை. உள்ளே வரவைத்திருந்தது.

"மகள்."

குரல் ஹோலுக்குள், அவர்களுக்கு நடுவில் கேட்டது. நிப்றாஸின் கையிலிருந்து போன் நழுவியது.

"மூத்தவள் தூங்குறாளா?"

ஸம்றா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

சுண்ணாம்பு பூசிய சுவருக்குள்ளிருந்து, துவக்கை மடித்துத் திறக்கும்போது வருமே, அந்த 'டக்' என்ற சத்தம் வந்தது.

பிறகு ஒரு பெண் குரல். ஸம்றாவுடையது அல்ல. இதுவரை கதைத்துப் பழகாத தொண்டையிலிருந்து வருவது போல, மெதுவாக.

"தூங்கல்ல வாப்பா. என்னக் கட்டிப் போட்டிரிக்கி."

தெருவில் பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். யாரோ கோல் போட்டிருந்தான்.

அந்தப் பெண் குரலை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

காலையில் ஸம்றா அபாயாவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நிப்றாஸ் குறுக்கே நின்றான்.

"போனா நீயும்தான் உள்ளுக்கு. தெரிஞ்சிக்க. பொய் சொன்னது நான் இல்ல, நீ."

"ஓம். நான்தான் சொன்ன. ரெண்டு தரம் சொன்ன."

"எண்ட வாழ்க்கை ஒனக்கு விளையாட்டா? ஒரு துவக்குக்காகப் புருசனக் காட்டிக் குடுக்கப் போறியா?"

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தெருமுனையில், அவள் வரச் சொல்லியிருந்த சாமித்தம்பி காத்திருந்தார். இருவரும் பொலிசுக்குப் போனார்கள். தகப்பன் கட்டவில்லை, கட்டியது கணவன், தான் அறிந்தே மறைத்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தாள். அன்று பகலே நிப்றாஸைக் கைது செய்தார்கள். அவளுக்கு நீதிமன்றத்தில் சொந்தப் பிணை கிடைத்தது. சில வாரங்களில் அவனும் பிணையில் வந்தான். மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டு வந்த அதே பையோடு கல்முனைக்கு, தாய் வீட்டுக்குப் போனான். அவனுடைய ஆட்கள் ஸம்றாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் மேசன் ஒருவரைக் கூப்பிட்டுக் குசினி ஜன்னலைத் திரும்ப உடைத்துத் திறந்தாள். அன்று மஃரிபுக்கு முன், அரிசிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

ஸ்டாண்ட். குழாய். ஈரக் கால்கள்.

"மகள், மூத்தவள் தூங்குறாளா?"

"இல்ல வாப்பா. அவள் இஞ்ச இல்ல. நான் பொய் சொல்லிட்டன். கோர்ட்டில வெச்சிரிக்காங்க, வாப்பா. சாமான் போடுற அறையில."

ஜன்னலடியில் மூச்சு நின்றது. அவள் இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, எனக்கு ஏசுங்க. ஏதாவது சொல்லுங்க வாப்பா."

சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. செயினில் எண்ணெய் போதாமல் கிறீச்சிட்டபடி சைக்கிள் மதிலோரமாகப் போய், தெருவில் இறங்கி, தூரத்தில் தேய்ந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஒவ்வொரு மாலையும் ஸம்றா அந்த ஜன்னலடியில் நின்றாள். ஒழுகும் குழாய்க்குக்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

வழக்கு அடுத்த வருடம் யூலையில் விசாரணைக்கு வந்தது. சான்றுப்பொருளாகத் துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். எடுத்து வைத்த உத்தியோகத்தர் கையைத் துடைக்கத் துணி தேடினார். குழலில் எண்ணெய் இருந்தது. சாமான் அறையில் அதன் பக்கத்தில் இருந்த மற்றத் துவக்குகள் துருப்பிடித்திருந்தன. அறைப் பூட்டின் திறப்பு தன்னிடம்தான் இருந்தது என்றும், துவக்கை யாரும் தொடவில்லை என்றும், அதன் மேல் போர்த்தியிருந்த துணி எப்படி வந்தது என்று தெரியாது என்றும் அவர் சொன்னார்.

துணியை விரித்து ஸம்றாவிடம் காட்டினார்கள். கோடு போட்ட பழைய சாரன். தெரியுமா என்று கேட்டார்கள்.

"வாப்பாட சாரன்" என்றாள்.

வழக்கு செப்டெம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது.