பதினொரு பித்தளை வில்லைகள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை. அன்று மாலை அவளே என் எதிரில் உட்கார்ந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

கடலுக்கு அடியில் ஓடும் பழைய செம்புச் சுரங்கத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி அவள். காலையில் வந்ததுமே கண்ணில் பட்டது: வாசல் பலகையில் பதினொரு கொக்கிகள் காலி.

இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அங்கே மாட்டிவிட்டுப் போவான். ஏறி வந்ததும் அவனே எடுப்பான். வேறு கை படக் கூடாது. கடல் உடைத்துக்கொண்டு உள்ளே வந்த அன்று, தட்டும் சத்தம் கேட்கக் கேட்கவே கம்பெனிக்காரர்கள் சுவர் எழுப்பி அடைத்தார்கள். உள்ளே சிக்கிய பதினொரு பேரின் வில்லைகள் நாற்பது வருஷமாகத் தொங்கின. ஏழாவது அவள் அப்பாவுடையது.

பாரம்பரியச் சின்னப் பட்டியலுக்காக வந்திருந்த அதிகாரி அவற்றைக் கழற்றி, தேய்த்து, தட்டில் அடுக்கியிருந்தார். வைக்கப்போகும் அறிவிப்பில், பாறைகளின் வயதுக்குக் கீழே, ‘உயிரிழப்பு இல்லை’ என்று ஒரு வரி.

“எடுத்துட்டா மேல வந்துட்டாங்கன்னு அர்த்தம் சார்.”

“வந்துட்டதாவே வச்சுக்கம்மா. பட்டியல்ல சேரணுமா, வேண்டாமா?”

அவளுக்கு உச்சந்தலை எரிந்தது. அந்த வரியை அந்தச் சுவர் முன்னால் நின்று படித்துவிட்டு வாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு வில்லை மாட்டிவிட்டு இறங்கினார்கள். படம் எடுக்க வசதி என்று அவர் தட்டையும் தூக்கிக்கொண்டார்.

தலைக்கு மேல் கடல் கூழாங்கற்களை உருட்டும் ஓசை பாறை வழியே இறங்கிப் பல்லைக் கூசவைக்க, பச்சை கசிந்த சுவர்களில் விளக்கொளி வழுக்க, உப்பும் துருவும் ஈரத்துணியும் கலந்த வாடை வளைவுக்கு வளைவு கெட்டிப்பட்டது. அந்தத் துணி வாடை அவளுக்குத் தெரியும். அப்பாவின் வேலைச் சட்டை.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

சுவருக்குள்ளிருந்து மூன்று முறை தட்டும் சத்தம்.

தண்ணீரின் அழுத்தமாக இருக்கும் என்றார்.

“இன்னொரு தடவை படிங்க சார். அவங்களுக்குச் சரியாக் கேக்கலை.”

படித்தார். ஒரு கல் நழுவி விழுந்தது. தண்ணீர் வரவில்லை.

கை வந்தது. ஊறி வெளுத்த கை. தட்டைத் துழாவித் தன் வில்லையை மட்டும் எடுத்தது. அடுத்த கை. அடுத்தது. ஏழாவது கை அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

தட்டு காலி.

விளக்கு அணைந்தது. ஈரக் காலடிகள் அவர்களைக் கடந்து நடந்தன. பதினொரு ஜோடி. பிறகு, வந்த வழியில், கல்மேல் கல் வைக்கும் சத்தம். அவசரமில்லாமல். காரைக் கரண்டியின் உரசல்.

கடைசிக் கல்லும் உட்கார்ந்தது.

அதிகாரி தட்டத் தொடங்கினார். மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

வாசல் பலகையில் இன்றைக்கும் இரண்டு வில்லைகள் தொங்குகின்றன. ஒன்று அவருடையது, மற்றது அன்று மாலை என் எதிரில் உட்கார்ந்திருந்த அவளுடையது.