எட்டாம் நம்பர் வீட்டுப் புறா

சாயங்காலம் நான்கு மணி ஆனால் கூண்டிலிருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றுபோல மேற்கே திரும்பி நிற்கும். இரை போட்டாலும் பார்ப்பதில்லை, கம்பியைத் தட்டினாலும் அசைவதில்லை. ஐந்து நிமிடம் தொண்டையில் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கொத்தத் தொடங்கும். வாயில்லா ஜீவன், அதற்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும் என்று அன்னமேரி முதலில் கண்டுகொள்ளாமல் விட்டாள். அந்தக் கூண்டிலேயே பொரிந்து வளர்ந்த சின்னப் பெட்டை, மேல் டிவிஷனைக் கண்ணால்கூடப் பார்த்திராதது, அதுவும் ஒருநாள் மற்றவற்றோடு சேர்ந்து மேற்கே திரும்பியபோதுதான் அவள் இரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேற்கே பார்த்தாள்.

மேற்கே தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். போன வருஷ மழையில், ஒருநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, மலை இறங்கி வந்து, பத்து வீடு ஒரே வரிசையாகக் கொண்ட லயம் ஒன்றை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. அன்று அன்னமேரி தங்கச்சியின் பிரசவத்துக்காக வண்டிப்பெரியாறுக்குப் போயிருந்தாள். எட்டாம் நம்பர் வீட்டில் அவள் புருஷன் சுவக்கீனும் பன்னிரண்டு வயது மகள் சிஞ்சுவும் இருந்தார்கள். சுவக்கீன் மறுநாளே ஆற்றோரம் கிடைத்தான். சிஞ்சு கிடைக்கவில்லை. பதினெட்டு நாள் தோண்டினார்கள். எந்த வீடு எந்த இடத்தில் இருந்தது என்று ஒருவராலும் கைகாட்ட முடியவில்லை. எஸ்டேட் மேப்பில் இருந்த மலை வேறு, இப்போது நிற்கும் மலை வேறு.

பிழைத்தவர்களுக்குக் கீழ் டிவிஷனில் ஆளுக்கொரு அறை கொடுத்தார்கள். அன்னமேரி கல்லறைத் தோட்டத்தில் சுவக்கீனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழிக்கு இடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். வருஷப் பூசைக்குள் சிஞ்சுவை, எலும்பாகவாவது, அங்கே கொண்டுவந்து படுக்க வைத்துவிட வேண்டும். மாதாவிடம் அவள் வேறு எதையும் கேட்பதில்லை.

புறாக்கள் தப்பியது செல்லத்துரையால். ஜீப் ஓட்டுகிறவன், சுவக்கீனின் கூட்டாளி. பந்தயத்துக்குப் பழக்குவதற்காக அந்த வாரம் ஆறு புறாக்களைக் கூடையில் வடகரப்பதிக்குக் கொண்டுபோயிருந்தான்; சேதி கேட்டு, பறக்க விடாமலே அன்னமேரியிடம் கொண்டுவந்து கொடுத்தான். எந்த ஊரில் கொண்டுபோய் விட்டாலும் பிறந்த வீட்டுக்கே திரும்புகிற சாதி அவை. சுவக்கீன் வேலைக்குப் போகும்போது ஒன்றைத் தூக்கிப் போய், காலில் சீட்டுக் கட்டி விடுவான். போன் எடுக்காத மலையில் ‘இன்னிக்கி லேட்டாவும்’ என்று சொல்ல வேறு வழி ஏது? சிஞ்சுவும் அதைப் படித்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பையில் ஒன்றை ஒளித்து எடுத்துப்போய், கணக்கில் மார்க் குறைந்த சேதியைத் தனக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அவள் வந்து சேர்வதற்குள் அம்மாவின் கோபம் பாதி ஆறியிருக்கும்.

புறா வளர்க்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீடு மாறி வந்த புறாவைச் சாகும்வரை திறந்து விடக்கூடாது. விட்டால் பழைய வீட்டுக்குத்தான் போகும். பதினோரு மாதம் அந்தக் கட்டுப்பாட்டைக் காத்த அன்னமேரிக்கு, கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில் சட்டென்று பொறி தட்டியது. மனுஷருக்குத் தெரியாத இடம் புறாவுக்குத் தெரியுமே.

“வேண்டாம் மதினி,” என்றான் செல்லத்துரை. “வீடு இல்லாத எடத்துக்கு விட்டா அது சுத்திச் சுத்தியே செத்துப்போவும்.”

“வீடு இருக்கு தம்பி. மண்ணுக்குள்ள இருக்கு. எந்த எடம்னு அது காட்டட்டும், மிச்சத்த நான் தோண்டிக்கிடுதேன்.”

“இத்தன மாசத்துக்கு அப்புறம் என்னத்த மதினி கெடைக்கப் போவுது?”

“எப்பிடிக் கெடைச்சாலும் அது எம்புள்ளதான்.”

செல்லத்துரை ஜீப்பை எடுத்தான்.

மூத்த ஆண் புறாவைக் கூடையில் வைக்கும்போது சின்னப் பெட்டையும் ஒட்டிக்கொண்டு ஏறியது. இறக்கிவிட மனம் வராமல் இரண்டையும் கொண்டுபோனார்கள். மேல் டிவிஷனில் மூடுபனி தரையோடு தரையாகக் கிடந்தது. தேயிலை வாசமும் இல்லை, விறகுப் புகை வாசமும் இல்லை. பல நாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற புழுக்க வாசம்தான் அந்த வெறும் மண்சரிவு முழுக்க அடித்தது. பறவைச் சத்தமே கிடையாது. எங்கோ கீழே ஓடைத் தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தம் மட்டும், யாரோ வாய்க்குள்ளேயே ஜெபம் சொல்வதுபோல, விட்டுவிட்டுக் கேட்டது.

கூடையைத் திறந்ததும் இரண்டும் எழும்பின. மூன்று சுற்று. அப்புறம் மூத்தது கல் விழுவதுபோல இறங்கியது, சின்னது அதன் பின்னாலேயே. அன்னமேரி சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். மூத்தது தலையைத் தாழ்த்தி, கூண்டு வாசலில் தொங்கும் கம்பிகளை நெஞ்சால் தள்ளி நுழைவதுபோல, வெறும் மண்ணை நெஞ்சால் தள்ளியது. மண் வழிவிட்டது. புறா உள்ளே போனது. சின்னதும் போனது. அடியில், ரொம்ப ஆழத்தில், வாசல் கம்பிகள் திரும்ப விழுகிற சத்தம் கிளிக், கிளிக் என்று இரண்டு தடவை கேட்டது.

செல்லத்துரை மண்வெட்டியோடு வந்தபோது துவாரம் இல்லை. இடுப்பளவு தோண்டினான். இறுகிய மண், உடையாத கல், ஒரு இறகுகூட இல்லை. மண்வெட்டியைக் கீழே போட்டான்.

“போதும் மதினி. இனிமே இங்க வராதீய. நானும் வர மாட்டேன்.”

அடையாளத்துக்கு ஒரு கம்பை நட்டுவிட்டு அவளைக் கைப்பிடித்து ஜீப்பில் ஏற்றினான். இடம் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷமும், தெரிந்திருக்கவே வேண்டாம் என்ற பயமும் அவள் நெஞ்சுக்குள் இரவெல்லாம் மல்லுக்கட்டின.

மறுநாள் மத்தியானம் கூண்டின் மேல் சிறகு தட்டுகிற சத்தம். சின்னப் பெட்டை. பிறந்த வீடு அதற்கு இதுதானே, திரும்பி வந்துவிட்டது. அன்னமேரி அதைக் கையில் எடுத்தாள். அதன் உடம்பு சில்லென்றிருந்தது. சிறகிடுக்கில் ஈர மண். காலில் சுருட்டிக் கட்டிய தாள்.

கோடு போட்ட நோட்டுத் தாள். பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதிய எழுத்து. கணக்கு மார்க் சேதி வருமே, அதே எழுத்து.

‘அம்மா, நீ விட்ட புறாவப் பாத்துக்கிட்டே அப்பா வழி கண்டுபிடிச்சு வீட்டுக்கு வந்துட்டாரு. இனி நீ மட்டுந்தான் வரணும். கதவ சாத்தாம வெச்சிருக்கோம்.’

அவள் கத்தவில்லை. கத்தினால் கேட்க யார் இருக்கிறார்கள், எல்லோரும் கொழுந்துக் காட்டில். தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். நடந்தாள். மேல் டிவிஷனுக்குப் போகிற பாதை கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் போகும். பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். சுவக்கீனின் குழி உள்வாங்கிக் கிடந்தது. சிலுவை சாய்ந்திருந்தது. குழியிலிருந்து மண் புரண்ட தடம் வேலியைத் தாண்டி, பாதையைத் தாண்டி, மேற்கே போயிருந்தது.

திரும்பிப் போய்விடலாம். போகவில்லை. கால் போகவில்லை. மேலேதான் போனது.

பனி. புழுக்க வாசம். நட்ட கம்பு தெரிந்தது.

அதன் அடியில் மண் பிளந்திருந்தது. ஒரு கதவின் அகலம். உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை முழங்கைவரை நீண்டிருந்தது. நகமெல்லாம் மண். பக்கத்தில் இன்னொரு கை, பெரியது. அடக்கத்தன்று அவளே பொத்தான் போட்டுவிட்ட வெள்ளைச் சட்டைக் கை.

இடப்பக்கம் பார்த்தாள். ஏழாம் நம்பர் வாசல். அங்கேயும் கைகள். ஆறாம் நம்பர். ஐந்தாம் நம்பர். வரிசையாக, கோடு பிடித்ததுபோல, பத்து வாசலிலும். ஒரு கையும் அசையவில்லை.

“சிஞ்சு,” என்றாள்.

சின்னக் கை சற்று ஒதுங்கி வழிவிட்டது.

அன்னமேரி செருப்பைக் கழற்றினாள். வெள்ளைச் சட்டைக் கை மெல்ல நீண்டு வந்தது. அந்தச் செருப்பு ஜோடியை எடுத்து, வாசலுக்கு உள்பக்கம், சுவரோரமாகச் சேர்த்து வைத்தது.