பதினோரு நிமிடக் காற்று

செவ்வாய்க் கிரகத்தின் செங்குடியில் கல்யாண மாப்பிள்ளையும் இரண்டு வார்த்தைதான் பேசுவார், தேர்தலில் நிற்பவரும் இரண்டு வார்த்தைதான் பேசுவார். காரணம் அடக்கம் இல்லை, காற்று. ஊர் மொத்தமும், அதாவது எழுநூறு பேரும், பேரவைக் கூடத்தில் கூடினால் உள்ளே இருக்கும் பிராணவாயு பதினோரு நிமிடத்துக்குத்தான் தாங்கும். சுவரில் பதித்த மூச்சளவி சிவப்பைக் காட்டியதும் கதவுகள் தாமே திறந்து கூட்டத்தைக் கலைத்துவிடும். ஆகவே மேடையேறுபவர் யாராக இருந்தாலும் தலைக்கு இரண்டு வார்த்தை என்று சட்டம். போன தேர்தலில் "தண்ணீர் தருவேன்" என்றவர் ஜெயித்தார். எதிர்த்து நின்றவர் "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து, ஒன்றை மிச்சம் பிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டே தோற்றார். மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்கவே இதைவிட அதிகம் பேசுகிற நமக்கு இதெல்லாம் புரிவது கஷ்டம்.

அப்படிப்பட்ட ஊரில், இரண்டே வார்த்தை பேச வேண்டும் என்பதற்காக மருதவாணனுக்கு ஒன்பது நாளாகச் சோறு இறங்கவில்லை.

நாற்பத்தெட்டு வயதுக் குழாய்க்காரர். ஊரின் காற்றுப் பஞ்சத்தையே ஒழிக்கப்போகிற மூச்சாலையை ஒன்பது வருடம் பாடுபட்டுக் கட்டி முடித்தவர். சட்டம் என்னவென்றால், செங்குடியில் எதைக் கட்டினாலும், திறப்பதற்கு முன் கட்டியவரே ஊர்கூடிய மேடையில் நின்று "பொறுப்பு எனது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. இயந்திரக் குரலும் செல்லாது. சொல்லத் தவறினால் ஆலைக்குப் பூட்டு. பூமியிலிருந்து வேறொருவர் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டும். அடுத்த கப்பலுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது.

மருதவாணனின் மேடை அனுபவம் மொத்தமே ஒன்றுதான். தன் கல்யாணத்தில் "மனமார ஏற்கிறேன்" என்று சொல்ல எழுந்தவர், "மனமா" என்பதோடு மயங்கி விழுந்தார்.

"ஏங்க, ரெண்டு வார்த்தைக்கா இந்த உதறல்?" என்றாள் மனைவி தில்லைநாயகி. காளான் பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடினா நான் விழறதுதான் தில்லை தெரியுது."

"நல்லதா நெனைங்களேன்."

"அதுக்குத்தானே இதை மாட்டியிருக்கேன்." காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினார்.

அது நல்லெண்ணி. மிளகு அளவுச் சில்லு. சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பொருத்துவார்கள். நாடி எகிறினால் செவிக்குள் தைரியம் சொல்லும். மருதவாணனிடம் முதல் நாளே, "நீங்கள் ஒரு சிங்கம்" என்றது. செவ்வாயிலேயே பிறந்தவர், சிங்கத்தை எங்கே கண்டார்? நூலகத்தில் தேடினார். அது ஆளைத் தின்னும் என்று போட்டிருந்தது. அதுவரை கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு காலும் சேர்ந்துகொண்டது.

தில்லைநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். "மிளகுக்கு உங்களைப் பத்தி என்னங்க தெரியும்? நடக்காத கெட்டதையே நெனைச்சுப் பயப்படறீங்க. நடந்த நல்லதை நெனைச்சுப் பாருங்க. அந்தக் கூட்டத்துல உங்களுக்கு யாரு அந்நியம்? எழுநூறு பேரும் நீங்க போட்ட குழாயில மூச்சு விடறவங்க."

"எழுநூறும் சேர்ந்து ஒரே மூஞ்சியா முறைக்குதே."

"அப்ப ஒவ்வொரு மூஞ்சியாப் பாருங்க. தட்டைக் கழுவி வைங்க, நான் வர்றேன்."

மறுநாள் பேரவைக் கூடம் நிறைந்தது. மூச்சளவி பதினொன்றிலிருந்து இறங்கத் தொடங்கியது. அவைத்தலைவர் சிவக்கொழுந்து "மருதவாணன், வருக" என்றார். மருதவாணன் மேடையேறினார். நின்றார். அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடம் போயிற்று. நான்கு போயிற்று. "நீங்கள் ஒரு சிங்கம்! சிங்கம்!" என்று நல்லெண்ணி கத்தியது. ஆறாவது நிமிடத்தில் அவர் அதைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு முதல் வரிசையைப் பார்த்தார். இழுப்பு நோய்க்காரர் கனகசபை. அவர் அறைக்கு வடிகட்டி மாற்றிய மறுநாள், ராத்திரி முழுக்கத் தூங்கினேன் என்று சொல்ல ஓடி வந்தவர். பக்கத்தில் செம்மலர்; குறைமாதத்தில் பிறந்த அவள் பெண் கிடந்த பெட்டிக்குக் காற்றுக் குழாய் போட்டது இவர்தான். அந்தப் பெண் இப்போது அம்மா மடியில் நெளிந்துகொண்டிருந்தது. அடுத்த முகம். அதற்கடுத்த முகம். ஒவ்வொன்றிலும் ஒரு குழாய், ஒரு மூச்சு. தான் செய்து சரியாக வந்த காரியம் இத்தனை இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியம். கால் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் அதன் பாட்டுக்கு அது நடுங்கட்டும் என்று தோன்றியது.

மூச்சளவியில் ஒரு நிமிடம் இருந்தது.

"பொறுப்பு... எனது."

கம்மிய குரல்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மூச்சாலையின் பூட்டு விலகியது. கூரைத் துளைகள் வழியே காற்று இறங்கியது. செங்குடியில் முதன்முறையாக மனிதர்களின் தலைமுடி அசைந்தது. பலர் அழுதார்கள். தில்லைநாயகி முந்தானை பறப்பதைப் பிடிக்கத் தெரியாமல் நின்றாள். கீழே இறங்கி வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவக்கொழுந்துக்கும் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். "இந்த உத்தமரைப் பத்து நிமிடம் இப்படி வதைத்தது நம் சட்டம்தான்" என்று ஆரம்பித்தார். இரண்டு வார்த்தையைத் தாண்டிவிட்டது உறைத்து நிறுத்தப் பார்த்தவர், மூச்சளவி பச்சைக்கு ஏறி அங்கேயே நிற்பதைக் கண்டு மேலே போனார். இனி யாருக்கும் இந்த அவதி கூடாது, காற்றுதான் இருக்கிறதே, கட்டுபவர்கள் தங்கள் சொந்த வார்த்தைகளில், வேண்டிய மட்டும் பேசலாம் என்று அங்கேயே சட்டத்தைத் திருத்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. கைதட்டல் அதிர்ந்தது.

புதுச் சட்டப்படி அதே கூட்டத்தில் முதலில் மேடையேறியவர் கூடத்துக்குப் புதிய தானியங்கிக் கதவு செய்த வைத்தமாநிதி. துளி நடுக்கம் இல்லை. மேடையில் இருந்த ஒன்பது பேரையும் தனித்தனியே "அவர்களே" என்று விளித்தார். கதவின் வரலாறு, கதவும் மனித மனமும், கூட்டு முயற்சியின் மேன்மை என்று வெளுத்து வாங்கினார்.

"என்னமாப் பேசுறாரு, இல்ல?" என்றாள் தில்லைநாயகி.

"பிரமாதம்" என்றார் மருதவாணன், மனதாரவே.

சற்றுப் பொறுத்து அவள் அவர் காதருகே குனிந்தாள். "கதவு மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடணும்னு சொன்னாரா?"

மருதவாணன் யோசித்துப் பார்த்தார். "கவனிக்கலையே. கூட்டம் முடிஞ்சதும் கேட்போம்."

கூட்டம் முடியவில்லை. காற்று வந்துகொண்டே இருந்தது.