ஷெமியின் மொழித்தாள்

சாயாவை மேசையில் வைக்கும்போதே ராஜபாய்க்குத் தெரிந்தது, இன்று விடிந்ததே சரியில்லை. மகள் ஷெமி, இரண்டாவது நுழைவுத்தேர்வுக்குப் போட்ட விண்ணப்பத்தின் பிரிண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொழிப் பேப்பர் தமிழுன்னு கிடக்கு. எனக்கு தமிழ் வாசிக்கத் தெரியுமா அம்மா? ஒண்ணாம் கிளாஸ் முதல் மலையாளம்தானே படிச்சேன்... இது உனக்க வேலதானே?"

டாக்டர் படிப்புக்கான முதல் தேர்வைக் கோட்டைவிட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. டிகிரிக்கான இந்தத் தேர்வைத்தான் பிள்ளை மலைபோல நம்பியிருந்தாள். கேரளத்துக் கரமனையில் அந்த வீட்டில் தமிழ் என்றாலே தமிழ்நாட்டு நெய்யூரிலிருந்து வாழ வந்த ராஜபாய்தான். அப்பனும் மகளும் தங்களுக்குள் மலையாளத்தில் பேசிச் சிரிப்பார்கள். பழி வேறு யார் மேல் விழும்?

அவள் கணவன் யோசுவா செய்தித்தாளை இறக்கவே இல்லை. ராஜபாய் ஊரில் இல்லாத நாளில் அக்ஷயா இ-சேவை சென்டருக்குப் போய் விண்ணப்பம் போட்டவர் அவர்தான். பிள்ளையின் தாய்மொழி எது என்று அங்கிருந்த பெண் கேட்க, தாயின் மொழிதானே என்று பெருமையாகத் தமிழ் என்றிருக்கிறார். அவள் அதையே மொழித்தாளாகவும் போட்டுவிட்டாள். படிப்பில் மூழ்கிக் கிடந்த ஷெமி, யார் போனது என்றுகூடக் கேட்கவில்லை. திருத்தும் தேதியும் முடிந்துவிட்டது.

ராஜபாய் கணவனைப் பார்த்தாள். முதல் தேர்வன்று அவர் திட்டிய திட்டில் அப்பனும் மகளும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதுதான் ஒட்டியிருக்கிறார்கள். அவள் வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும்.

"ஆமா மக்ளே... எனக்க தப்புதான்."

அப்போதும் அந்த மனிதர் வாய் திறக்கவில்லை. இப்படியும் ஒரு ஆண்பிள்ளை!

அன்று கதவைச் சாத்தியவள்தான் ஷெமி. ஃபோனைப் பார்த்துத் தனியாகவே எழுத்துப் படித்தாள். "நான் வாசிச்சுத் தரட்டா மக்ளே?" என்று கேட்டால், "வேண்டாம்" என்ற ஒரே பதில்தான். ராஜபாய் அடுக்களையில் தனியே உட்கார்ந்து சாப்பிட்டாள். அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவளின் பின்னால் ஷெமி வந்து நின்றாள். கையில், ஃபிரிட்ஜின் மேல் மாதக்கணக்கில் கிடந்த ஓர் அட்டை.

"நெய்...யூர். ஜெய...சிங். நினைவு ஆரா...தனை. அடக்கம், மார்ச் பதினெட்டு."

ராஜபாயின் கை நின்றுவிட்டது. ஒரே தம்பி. அவனை அடக்கம் செய்யத் தனியாகத்தான் போய் வந்தாள். திரும்பி வந்தபோது எப்படி நடந்தது என்று கேட்க இந்த வீட்டில் ஆளில்லை.

"அப்ளிகேஷன் போட்ட தேதியும் மார்ச் பதினெட்டுதான் அம்மா... அன்னைக்கு நீ இங்கே இல்லியே."

வாசலில் யோசுவா தலை குனிந்து நின்றார். "நான்தான் மோளே போட்டேன். சொல்ல நாக்கு வரல்ல."

ஷெமி அவர் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னத்துக்கு அம்மா நீ ஏத்துக்கிட்ட?"

ராஜபாய் அட்டையை மகளின் கையில் நேராக்கி வைத்தாள்.

"மாமனுக்க பேர இன்னொரு தடவ வாசி மக்ளே..."

"ஜெயசிங்" என்றாள் ஷெமி. இந்த முறை அவளுக்கு நாக்குத் தடுக்கவில்லை.